சத்தம் போடாத பெட்டி

"கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி வுடுறாளாம். இதுக்கா காலேஜுக்கு அனுப்புனாங்க?" என்று பெரியப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்.

நான் வடிவமைத்த கணினிப் பெட்டியில் ஃபேன் கிடையாது. குழாயில் ஓடும் தண்ணீரே சூட்டை இழுத்துக்கொள்ளும். செஞ்சி பீரோ பட்டறையில் செய்த முதல் பெட்டி, பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ ஒன்றில் சோதனைக்கு இருக்கிறது. பிடித்தால்தான் வாங்குவார்கள். பட்டறைக்காரர் வழியாகக் கொடுத்ததால் ஸ்டுடியோக்காரருக்கு என்னைத் தெரியாது. நேற்று அனந்தபுரம் பஸ்ஸில் அவர் என் முன்சீட்டில், மச்சானோடு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொட்டிய திருப்பிக் குடுத்துடப் போறேன் மச்சான்."

"ஏன் மாமா, தண்ணி ஒழுவுதா?"

"சொட்டு ஒழுவல. சூடும் ஏறல. சத்தமே வர மாட்டேங்குது."

"அதுக்குத்தான கேட்டு வாங்குன?"

"எனக்குத் தெரியுது. பாட வர்றவங்களுக்குத் தெரியணுமே? மாதா பாட்டு பாட வந்தவங்க முழுசா பாடி முடிச்சிட்டு, 'இன்னா, கரண்ட் இல்லியா? இவ்ளோ நேரம் சும்மாவா பாட வச்ச?'ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க."

"லைட்டு எரியுதே!"

"லைட்ட யாரு பாக்குறா? பழைய பொட்டி, லாரி மாதிரி உறுமுச்சி. வேல நடக்குதுன்னு நம்புனாங்க."

"அப்ப சும்மா சுத்துறதுக்கு ஒரு ஃபேன் மாட்டித் தரச் சொல்லு."

"அதுக்குப் பழசே போதுமேடா!"

பஸ் அனந்தபுரம் சேர்வதற்குள் பட்டறைக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன்: முன்தகட்டை வெட்டிக் கண்ணாடி பதிக்க வேண்டும், உள்ளே ஓடும் தண்ணீருக்கு நல்ல சிவப்புச் சாயம் வேண்டும்.