தொம்பைக்கோட்டையின் கிழக்குச் சுவர்

கருங்குழியில் சாமி படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் கேட்டால், வெட்டி மிஞ்சிய கண்ணாடித் துண்டைச் சும்மாவே கொடுப்பார்கள். விரல் அகலம், சாண் நீளம் பார்த்து நான் எடுத்துக்கொள்வேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கடைக்காரருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அலைக்கழிக்க வேண்டாம்.

என் பெயர் கங்காதரன். பிறந்தது சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பம். எனக்குப் படகில் காலை வைத்தாலே குமட்டும். கடலுக்குப் போகாதவனுக்குக் குப்பத்தில் என்ன மரியாதை இருக்கும்? ஐம்பத்தெட்டில் கோட்டைக் காவல் வேலை கிடைத்ததும் அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே இருக்கிற அந்தக் குன்றுக்கு வந்துவிட்டேன். இது எழுபத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குன்றேறி வந்து குடும்பம் நடத்த யாருக்கும் மனசில்லை.

பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்கிற மாதிரியே உங்களுக்கும் கோட்டையின் கதையைச் சொல்கிறேன். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு சிற்றரசன் கட்டினான். அடியில் கருங்கல், மேலே செங்கல். பிறகு செஞ்சிக்காரர்கள், அதற்குப் பிறகு நவாபின் ஆட்கள். கடைசியில் கும்பினிக்காரன் பீரங்கியோடு வந்து குன்றைச் சுற்றி வளைத்தான். அப்போது உள்ளே பொறுப்பில் இருந்தவரைக் கில்லேதார் என்பார்கள். சுனை வற்றிப்போனதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. சுனைக்குப் போகிற கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சொன்னால் கோட்டைக் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். பதினோரு நாள் தாங்கினார். நாற்பது பேர் நாக்கு வறண்டு செத்தார்கள். இந்த இடத்தில் எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். நானும் கூடவே கொட்டுவேன். ஆனால் மனசுக்குள் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதைதான்.

பிடித்த கோட்டையைக் கும்பினிக்காரன் அப்படியே போட்டுவிட்டுப் போனான். ரயில் பாதை போட்ட காலத்தில் பாலத்துக்குச் செங்கல் பெயர்த்தார்கள். மிச்சத்தை ஊர்க்காரர்கள் மாட்டுக் கொட்டகைக்கும் கிணற்றுக்கும் கொண்டுபோனார்கள். நான் வந்தபோது நின்றது ஒரே சுவர்தான். நெல் கொட்டி வைத்த கட்டடத்தின் கிழக்குச் சுவர், முப்பதடி உயரம். தொம்பை என்றால் நெற்குதிர், அதனால்தான் ஊரில் தொம்பைக்கோட்டை என்கிறார்கள். அந்தச் சுவரில் ஒரு சாளரம் உண்டு. மழை விட்ட காலையில் அதில் முகத்தை வைத்தால் தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். அங்கிருந்து பார்த்தால் எனக்குக் குமட்டாது. பதினெட்டு வருஷமும் என் காலை அப்படித்தான் விடிந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் சுவரில் விரிசல் விட்டது. இஞ்சினியர் வெங்கடராகவன் வந்து, விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் பூசி, பக்கத்தில் தேதி எழுதினார். சுவர் துளி அசைந்தாலும் கண்ணாடி உடையும் என்றார்.

"கங்காதரா, இது உடைஞ்சா அன்னிக்கே எனக்கு ஒரு கார்டு போட்டுடு. யாரையும் கிட்ட விடப்படாது. வேற வழியில்ல, செவுத்த எறக்கிட வேண்டியதுதான்."

போன ஐப்பசி மழையில் அது உடைந்தது. கார்டு வாங்கத்தான் கருங்குழிக்குப் போனேன். போஸ்ட் ஆபீசுக்கு முன்னாலேயே படக்கடை வந்துவிட்டது. புதுத் துண்டை ஒட்டி, பழைய தேதியையே எழுதினேன். அது இருபது நாளில் உடைந்தது. அடுத்தது ஒன்பது நாளில். நாலாவது துண்டுக்கு ஒரு முனையில் மட்டும் சிமெண்ட் வைத்தேன். மறு முனையில் சுண்ணாம்பைத் தடவிப் பூசின மாதிரி காட்டினேன். அந்தப் பக்கம் பிடிப்பே கிடையாது. சுவர் தன் இஷ்டத்துக்கு நகரலாம், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் பிறகு அது உடையவில்லை. எனக்கும் நல்ல தூக்கம் வந்தது.

தை மாசம் பெரிய அதிகாரி ஒருவரை அழைத்து வருவதாக இஞ்சினியர் எழுதியிருந்தார். முள் வெட்ட ஊரிலிருந்து ஐந்து பெண்களை வைத்தேன். ஆராயிதான் அவர்களுக்கு மேஸ்திரி மாதிரி. நல்ல பெண். தினமும் எனக்கும் சேர்த்துக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவாள். முதல் இரண்டு நாள் அவர்கள் புளியமரத்தடியில் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் மதியம் அதிகாரி வருவதாக இருந்தது. சுவர்ப் பக்கம் ஆள் அண்டாமல் இருந்தால் ஏன் என்று கேள்வி வரும். அதனால் மரத்தடியில் கட்டெறும்பு என்று சொல்லி, சுவர் நிழலில் உட்காரச் சொன்னேன்.

ஆராயி தூக்குவாளியைத் திறந்ததும் கஞ்சியில் செங்கல் தூள் விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்த, மண்ணு கொட்டிகினே கீது? செவுரு நிக்குமா?"

"அந்தக் கண்ணாடியப் பாரு. அது ஒடஞ்சாதான் பயப்படணும்."

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். விரலால் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

"முழுசாத்தான் கீது. வாங்கடி, உக்காருங்க. அண்ணாத்த சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் சாளரத்துக்கு எதிரே, இருபது அடி தள்ளி நின்றேன். சுவர் உட்கார்ந்தால் கல் வந்து விழாத அந்த இருபது அடியை நான் எண்ணி வைத்தது அன்றைக்கு இல்லை, கார்த்திகையிலேயே. எழுந்திருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் அடைத்துப்போகவில்லை, பயமும் இல்லை. சொன்னால் சுவரை இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். அந்த ஐந்து பேரில் ஒருத்தி, சந்திரம்மா, என் பக்கத்தில் இருந்த பானையில் தண்ணீர் மொள்ள எழுந்து வந்தாள். அவள் செம்பை முக்கும்போது சுவர் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. தூசி அடங்கினதும் அந்த இடத்தில் வெறும் வானம் இருந்தது. குழம்பு வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. நான் அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

மூன்று மணிக்கு இஞ்சினியரும் அதிகாரியும் வந்தபோது ஊரே செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. நானும் கைத்தோல் உரியப் பெயர்த்தேன். நாலு பேரையும் நான் தேடுகிறேன் என்று நினைத்து இஞ்சினியர் என் தோளைப் பிடித்து அழுதார். நான் என்ன தேடினேன் என்பது சந்திரம்மாவுக்குத்தான் தெரிந்தது. ஆராயியின் கைக்குப் பக்கத்திலிருந்து கண்ணாடித் துண்டை எடுத்து நான் வேட்டியில் துடைத்ததை அவள் பார்த்துவிட்டாள். அவள் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவர்களை அங்கே உட்கார வைத்தவன் நான்தான். சுவர் விழும் என்று தெரிந்தே உட்கார வைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

துண்டு இதோ, என் மடியில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஓரம்கூடப் பெயரவில்லை. சுவர் அசைந்திருந்தால் இது உடைந்திருக்க வேண்டும், ஐயா.