பாலத்தின் காலுக்குச் சொறி

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அலவி ஹாஜியார் அவர்களே, முன்வரிசைக்கு அழகு சேர்க்கும் மூத்தோரே, கொழும்புக் காலி வீதியின் நெரிசலைக் கடந்து பிள்ளைகளையும் கூட்டிவந்திருக்கும் தாய்மாரே, கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த கொள்கை உறவுகளே, எழுத்துப் பிழை கண்டால் இரத்தம் கொதிக்கும் வெள்ளவத்தைச் சொல்லரங்கத்தின் தோழர்களே, பணி ஓய்வு பெறும் இன்றைய விழா நாயகி, நீர்வளப் பொறியியலாளர் சுபோதினி அம்மையார் அவர்களே! உங்கள் செயலாளர் நாகேந்திரத்தின் பணிவான வணக்கம்.

வெளியே ரயில் போகிறது. போகட்டும், பொறுப்போம். இந்த மேடையில் நேரக் கட்டுப்பாடு இல்லாத பேச்சாளர் அது ஒன்றுதான்.

அம்மையார் என்ன வேலை பார்த்தார்? நாமெல்லாம் பாலத்துக்கு மேலே போகிறவர்கள். அவர் பாலத்துக்குக் கீழே போனவர். வெள்ளம் வந்தால் ஊர் மேட்டை நோக்கி ஓடும். இவர் ஆற்றை நோக்கி ஓடுவார். தூணின் அடியில் ஆறு மண்ணை அரிக்கிறதா என்று பார்ப்பதும், அரித்த இடத்தில் பெருங்கற்களைக் கொட்டிக் காப்பதுமே அவருடைய ஆயுள் வேலை.

போய்ப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியாது, ஐயா! அச்சமே அங்கேதான் இருக்கிறது. வெள்ளம் பெருகும்போது ஆறு தூணடியில் குழி தோண்டும். வெள்ளம் வடியும்போது அந்தக் குழியைத் தானே மூடும். மேலே பார்த்தால் மணல், வெள்ளை மணல், வெயிலில் மின்னும் மணல். உள்ளே இருப்பதோ வெறும் கூழ். கள்ளன்கூட ஒரு தடயம் விட்டுப் போவான். ஆறு தோண்டும், தோண்டியதை மூடும்.

சில ஆண்டுகளுக்கு முன், மட்டக்களப்பில் ஒரு கருத்தரங்குக்காக நம் சொல்லரங்கத்தார் ஒரு பஸ் நிறையப் புறப்பட்டோம். வழியில் ஓர் ஆறு. பெயர் சொல்ல மாட்டேன். ஆறுகளுக்கும் காது உண்டு. முந்திய வாரம்தான் வெள்ளம் வந்து வடிந்திருந்தது. பாலத்தின் வாயிலில் இருந்த தடுப்பு மரத்தை யாரோ ஓரத்தில் தள்ளிவிட்டிருக்க, லொறிகள் போய்வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் மும்மொழியில் ஓர் அறிவிப்புப் பலகை. அதில் நம் செந்தமிழ் எப்படி இருந்தது தெரியுமா? "பாலத்தின் காலுக்குச் சொறி. ஏற வேண்டாம்."

யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள். நாங்களும் இப்படித்தான் சிரித்தோம்.

விடுவோமா? பத்திரிகைக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று பஸ்ஸை நிறுத்தி இறங்கினோம். பலகையைச் சுற்றி அணிவகுத்தோம். எங்களுக்குப் பின்னால் பாலம். எதிரில் கைபேசியோடு நம் இளங்கவிஞர் ஷிப்லி. ஒரு படம் எடுத்தார். இன்னொரு படம் எடுத்தார்.

சாரதி இருளப்பன் பஸ்ஸை முடுக்கிக்கொண்டு அழைத்தார். "ஏறுங்க சார், நேரமாகுதுங்க."

ஏறப் போனோம். அப்போது யோசெப்பின் டீச்சர், "நான் கண்ணை மூடிப்போட்டன், இன்னொண்டு எடுங்கோ" என்றார். அதோ, அதே டீச்சர் கூச்சப்படுகிறார். மறுபடியும் நின்றோம், மறுபடியும் சிரித்தோம், மூன்றாவது படம் எடுத்தாயிற்று.

ஆற்றுச் சரிவிலிருந்து ஒரு பெண்மணி மேலேறி வந்தார். முழங்கால் வரை சேறு. கையில் நீண்ட இரும்புக் கம்பி.

"ஒருத்தரும் ஏறாதேங்கோ. பஸ்ஸைப் பின்னுக்கு எடுங்கோ."

"தண்ணி வடிஞ்சிருச்சுங்களே மிஸ்" என்றார் இருளப்பன். "இப்பத்தான் ஒரு லொறி போச்சு."

"வடிஞ்சபடியாத்தான் எனக்குப் பயமாக் கிடக்கு. இந்தக் கம்பியைத் தூணடி மணலில வச்சனான். நான் அமத்தேல்ல, தம்பி. அதுவாப் போகுது."

எனக்கோ தமிழ்ப் பற்று பொங்கி வழிந்தது. "தங்கச்சி, 'அரிப்பு' எண்டெல்லோ எழுத வேணும்? அதென்ன சொறி?"

"அதைப் பிறகு கதைப்பம் அய்யா. இப்ப தள்ளி வாங்கோ."

தள்ளி வந்தோம். எதிர்க்கரையில் அவருடைய ஆட்கள் சிவப்புத் துணி காட்டி லொறிகளை நிறுத்தினார்கள். வெறும் பாலம் வெயிலில் கிடந்தது. காற்றில்லை, காகமில்லை.

இடிமுழக்கம் கேட்டிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை, தாய்மாரே. நடுத்தூண் முழங்கால் மடிப்பதுபோல் மெதுவாக, மிக மெதுவாக, அந்த வெள்ளை மணலுக்குள் இறங்கியது. அதன்மேல் கிடந்த பாலமும் ஓசையின்றிச் சாய்ந்து போனது. சாப்பிட்டு முடித்தவன் கடைசியில் தண்ணீர் குடிப்பதுபோல, ஆறு ஒரேயொரு முறை களுக்கென்றது.

ஆனால் உண்மையான அச்சம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஷிப்லி கைபேசியை நீட்டினார். "சேர், நமக்குப் பின்னால அந்தப் பாலத்துக் கைப்பிடியப் பாருங்க."

பார்த்தேன். முதற் படத்தில் கைப்பிடிச் சுவர் என் காதுக்கு நேரே. இரண்டாம் படத்தில் என் தோளுக்கு நேரே. மூன்றாம் படத்தில் என் முழங்கைக்கு நேரே. நின்ற இடம் மாறவில்லை, நிற்பவர் மாறவில்லை. மூன்றிலும் நாங்கள் சிரிக்கிறோம். மூன்றாவதில்தான் சிரிப்பு அதிகம்.

அம்மையாரும் பார்த்தார். "நீங்கள் சிரிக்கச் சிரிக்க அது இறங்கியிருக்கு, அய்யா."

பலகையின் கதையைப் பிறகுதான் கதைத்தோம். சிங்கள வாசகத்தை அலுவலகத்தில் யாரோ கைபேசியில் மொழிபெயர்த்தாராம். அரிப்பு சொறியானது அப்படித்தான். முறைப்பாடு செய்வோம் என்று முழங்கினேன். அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சரியான தமிழில எத்தினையோ பாலத்தடியில பலகை வச்சனான். ஒருத்தரும் வண்டியை நிப்பாட்டி வாசிச்சதில்லை. நீங்களும் பிழையை வாசிக்கத்தானே இறங்கினியள்?"

கேட்டீர்களா, சபையோரே? 'தூணடியில் மண்ணரிப்பு, பாலம் மூடப்பட்டுள்ளது' என்று பிழையற எழுதியிருந்தால் நாம் நின்றிருப்போமா? நிதானித்திருப்போமா? தடுப்பு தள்ளிக் கிடக்கிறது, லொறி போகிறது, நாமும் போவோம் என்று போயிருப்போம். போயிருந்தால் இன்று இந்த அரங்கில் பாதி நாற்காலி வெறுமை. இந்த ஒலிவாங்கி வெறுமை. பிழைத் தமிழ் நம்மைப் பிடித்து நிறுத்தியது. பெண்ணொருத்தியின் பிடிவாதம் நம்மைப் பிழைக்க வைத்தது!

அம்மையார் ஓய்வு பெறுகிறார். ஆறு ஓய்வு பெறுமா? இன்று மாலையும் எங்கோ ஒரு தூணடியில் அது தோண்டுகிறது, தோண்டியதை மூடுகிறது. கைதட்டியது போதும், உறவுகளே. இனியாவது சரியாக எழுதியதையும் நின்று வாசியுங்கள்.

விழா முடிவில் குழுப்படம் உண்டு; ஷிப்லிதான் எடுக்கிறார். நடுவில் வந்து நில்லுங்கள் என்று அம்மையாரைக் கேட்டேன். மறுத்துவிட்டார். "நீங்கள் நிண்டு சிரியுங்கோ. நான் எதிரில நிண்டு உங்களுக்குப் பின்னால பாக்கிறன்" என்றார்.

செவிகொடுத்த உங்களுக்கும், அன்று எங்களைத் திருப்பி அனுப்பிய அந்தக் கைகளுக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி. அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.