துடைப்பதால் வரும் கீறல்கள்

தேநீரை இந்தப் பக்கம் வையுங்கள், ஐயா. நன்றி. புத்தாண்டு முடிந்ததிலிருந்து வலது தோள் மேலே ஏறுவதில்லை. ஐம்பது வயசுத் தோள் என்கிறார்களே, அதுதான். தோளில் ஒட்டியிருக்கும் இந்த மருந்துப் பட்டையின் வாசம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

மோட்டார் சைக்கிளில் விழும் கீறல்களில் முக்கால்வாசி விபத்தால் வருவதில்லை. துடைப்பதால் வருகின்றன. வண்டிமேல் ஆசை உள்ளவன்தான் ஓயாமல் துடைப்பான். தூசியைக் கழுவாமல் துணியைப் போட்டு இழுப்பான். வெயிலில் நிறுத்தினால் மயிரிழைக் கோடுகள் பல்லைக் காட்டும். அதிலும் கறுப்பு வண்டியில் எதையும் மறைக்க முடியாது. ஜுவாங் போ-யென்னின் வண்டி கறுப்பு.

அவனைப் பற்றிக் கேட்டீர்கள். ஜியாயியில் பள்ளிக்கூட வாத்தியார், பூகோளம் எடுப்பவன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் பெட்ரோல் டாங்கில் சாவிக் கீறலோடு என் கடைக்கு வந்தான். நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் மாட்டினால் கீறல் பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மாட்டவில்லை. அரை மணியில் தேய்த்து எடுத்துக் கொடுத்தேன். அவன் டாங்கைத் தடவிக்கொண்டே நின்றான்.

"வாத்தியாரே, உன் பொண்டாட்டி கன்னத்தக்கூட இவ்ளோ நேரம் தடவியிருக்க மாட்ட போல."

"அவ கன்னம் இவ்ளோ வழுவழுன்னு இல்ல, காய் அண்ணே. போய்ச் சொல்லிடாதீங்க, சோறு கெடைக்காது."

அப்படி ஆரம்பித்த பழக்கம். மாதம் ஒரு சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவருவான். நான் கழுவி, மெழுகு போட்டு முடிக்கும்வரை எதிர்க்கடை வான்கோழிச் சோற்றை இரண்டு கிண்ணம் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மறுநாள் விடிந்ததும் அலிஷான் மலைக்கு ஒரு சுற்று போய்வருவான். அந்த வண்டியை நான் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. அவனே தொட மாட்டான். "ஒன் கை துணியப் புடிச்சா வண்டி அழும்"னு சொல்லிவைத்திருந்தேன். எனக்குக் குடும்பம் இல்லை என்று உங்கள் கோப்பில் இருக்கும். சனிக்கிழமை இருந்தது. அது எனக்குப் போதும்.

போன ஏப்ரலில் வண்டியை வெயிலுக்கு இழுத்தேன். டாங்க் முழுக்கக் கோடு.

நான் நேர்கோட்டில்தான் துடைப்பேன், முன்னிருந்து பின்னாக. ஆனால் கை முழங்கையிலிருந்துதானே வீசுகிறது, எவ்வளவு நேராக இழுத்தாலும் கோடு லேசாக வளையும். வலக்கைக்காரன் கோடு ஒரு பக்கம் வளையும், இடக்கைக்காரன் கோடு மறுபக்கம். இதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர்கூட இருக்க மாட்டார்கள். அந்த டாங்கில் இருந்தது இடக்கைக்காரன் வேலை. நான் பிறவி வலக்கைக்காரன்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒருவன் புதிதாகக் கடை போட்டிருக்கிறான். கண்ணாடிப் பூச்சு, ஐந்து வருஷத்துக்குக் கீறலே விழாது என்று பலகை. போய்ப் பார்த்தேன். தேநீர்க் குவளையை இடது கையில் பிடித்திருந்தான்.

அப்போதும் நான் அவசரப்படவில்லை. மே மாதம் பார்த்தேன், கோடுகள் கூடியிருந்தன. ஜூனில் இன்னும். ஒவ்வொரு தடவையும் நான் சுத்தமாக எடுத்து அனுப்புகிறேன், ஒவ்வொரு தடவையும் எவனோ ஒருவன் அதன்மேல் கை வைத்து அனுப்புகிறான். கடைசியில் கேட்டேன்.

"வாத்தியாரே, வண்டிய வேற எங்கயாச்சும் விட்டியா?"

"இல்லண்ணே. ஒங்களத் தவிர யாரு தொட்டா?"

அதைச் சொல்லும்போது ஒரு நொடி என் தோளைப் பார்த்தான். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டு, "சோறு ஆறுது, வாங்க"ன்னான். பதினொரு வருஷத்தில் என்னிடம் அவன் கண்ணைத் திருப்பியது அன்றுதான். எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. மறைக்க வேண்டியதில்லை. இன்னொருவனிடம் போகிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் வழியனுப்பி வைத்திருப்பேன். எவனிடமோ விட்டுவிட்டு, என் எதிரே உட்கார்ந்து என்னோடு சோறும் தின்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நகம் மாட்டாத கோடுகள்தான், ஒத்துக்கொள்கிறேன். தேய்த்தால் போய்விடும். ஆனால் கோடா இங்கே பிரச்சினை?

பளபளப்புத் திரவம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பாகங்களுக்குப் போட்டால் தூசி ஒட்டாது, கீறல் விழாது. டயரில் மட்டும் படவே கூடாது, வழுக்கிவிடும். இதைப் போ-யென்னுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஜூலை இரண்டாவது சனிக்கிழமை அதை முன் டயருக்குப் போட்டேன். நடுவில் இல்லை, இரண்டு ஓரங்களிலும். ஊருக்குள் சாலை நேர், வண்டியைச் சாய்க்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் இருக்கும் சுக்கோவைத் தாண்டி மலை ஏறும்போதுதான் வளைவுகள். மூன்று பூச்சு போட்டேன். ஒவ்வொன்றையும் காயவிட்டுத்தான் அடுத்தது. வேலையில் நான் அவசரப்படுவதில்லை.

வண்டிக் கண்ணாடியில் ஒரு சின்ன ஹெல்மெட் தொங்கியது. யாருடையது என்று கேட்டேன்.

"நம்ம பொண்ணு யூ-ச்சிங்கோடதுண்ணே. பன்னண்டு ஆயிடுச்சுல்ல, நாளைக்கு நானும் வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா."

டயரைத் துடைத்துவிட நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. அந்த ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு கீறல் இருந்தது. அதைச் சரிசெய்து, மெழுகும் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

முதல் வளைவில் இல்லை, மூன்றாவதில்தான் வழுக்கியது என்றீர்கள். பொண்ணு பிழைத்துக்கொண்டாள் என்றும் சொன்னீர்கள். நல்லது. ஹெல்மெட் நல்ல ஹெல்மெட். நீங்கள் காட்டிய படத்தில் டாங்கின் இடப்பக்கம் உலோகம் வரைக்கும் சுரண்டியிருக்கிறது. அதற்குத் தேய்த்தால் ஆகாது. பட்டி பார்த்து, மறுபடி முழுசாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும். நான்கு நாள் வேலை. வேறு யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம் என்று அவன் மனைவி ஷு-ஹுய்யிடம் சொல்லுங்கள்.

ஆமாம், அவள் சொன்னதாக நீங்கள் படித்துக் காட்டினீர்களே, அதைக் கேட்டேன். "காய் அண்ணனுக்குத் தோள் வலி வந்ததுலேருந்து வண்டி முழுக்கக் கோடு கோடா வருது. வேற கடைல குடுங்கன்னு நான்தான் சொன்னேன். 'அவருகிட்ட சொன்னா மனசு ஒடஞ்சிடும்டி, கோடு இருந்துட்டுப் போவுது'ன்னுட்டாரு." புருஷனைப் பறிகொடுத்தவள். இந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்வாள். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த ரயில் நிலையத்துக் கடைக்காரனும் அப்படி ஒரு வண்டியைப் பார்த்ததே இல்லை என்கிறானாம். பின்னே, ஒத்துக்கொள்வானா?

முப்பத்திரண்டு வருஷத் தொழிலில் என் கை ஒரு கோடு போட்டதில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். டயருக்குப் போட்டது நான்தான், தெரிந்துதான் போட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எங்கே? தாளை இந்தப் பக்கம் நகர்த்துங்கள். இல்லை, இன்னும் கொஞ்சம், இடது கைக்கு. வலது அவ்வளவு தூரம் எட்டாது. புத்தாண்டிலிருந்து எல்லா வேலையும் இந்தக் கையால்தான்.