ஒரு பூச்சிக்கு எத்தனை வால்

ஆற்று நீரைப் புட்டியில் அள்ளி அள்ளி ஆய்ந்தே ஆயுளில் பாதியைச் செலவிட்ட அதிகாரியும், இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருப்பவருமான அம்மையார் அவர்களே, என் கதைகளை எல்லாம் ஏற்கெனவே கேட்டிருந்தும் முகம் சுளிக்காமல் முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் மூத்தோர்களே, தூண்டிலோடு போனவன் வெறுங்கையோடு திரும்பும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவு திறந்துவிடும் தாய்மார்களே, முள் குத்திய விரலோடு கைதட்டக் காத்திருக்கும் எங்கள் தூண்டிற்காரர் சங்கத்துத் தோழர்களே, மூன்றாவது வரிசையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கும் என் இரு நண்பர்களே, அவர்கள் இருவருக்கும் நடுவில் இடம் கிடைக்காமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கையே, அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு தூண்டிலும் தோழமையும். தந்த நேரம் பதினைந்து நிமிடம். பேசுகிறவன் யார்? ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியன். இருபத்தாறு ஆண்டுகளாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து வண்டியை விடுகிறவரிடமும் "அருமையா ஓட்டுறீங்க" என்று சொல்லிக்கொண்டே என் காலடியில் இருக்கும் பிரேக்கை அமுக்கிப் பிழைத்தவன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் வரும் குற்றவாளி அந்தப் பழக்கம்தான்.

முதலில் எங்கள் தூண்டிலைப் பற்றிச் சொல்லவேண்டும். புழுவைக் குத்தி, ஈயக்குண்டைக் கட்டி, தண்ணீரில் போட்டுவிட்டுக் கரையில் தூங்குகிற தூண்டில் அல்ல இது. எங்கள் முள்ளில் புழு இல்லை. குண்டு இல்லை. இருப்பது என்ன? சேவல் இறகில் நாலு இழை, முயல் மயிரில் ஒரு சிட்டிகை, பட்டு நூலில் பத்துச் சுற்று. ஊதினால் பறந்துவிடும். இங்கிலீஷில் ஃப்ளை என்கிறார்கள், நாங்கள் பொய்ப்பூச்சி என்போம். எடையே இல்லாத ஒன்றை எப்படி ஐயா எறிவது? எறிவது பூச்சியை அல்ல, கனமான நூலை. கோல் பின்னே போகும், நூல் தலைக்குமேல் வளையும். கோல் முன்னே வரும், நூல் நீளும், நிமிரும், நெளியும். அதன் நுனியில் அந்தப் பொய்ப்பூச்சி, தண்ணீருக்கே தெரியாமல் தண்ணீர்மேல் வந்து உட்காரும். இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறேன். இன்றைக்கும் அது உட்காரும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

அங்கே ஓர் அம்மா ஏதோ கேட்கிறார். பிடித்த மீனை என்ன செய்வீர்கள் என்றா? விட்டுவிடுவோம், அம்மா. சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். "விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கறீங்க?" என்று என் மனைவியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பதில் தெரிந்தால் முதலில் அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் வருவேன்.

மீனை ஏமாற்றுவது எளிது என்று நினைக்காதீர்கள். ஊரை ஏமாற்றலாம், உறவை ஏமாற்றலாம், கண்ணாடி முன் நின்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். எந்த மாதம், எந்த வேளை, எந்த நிறத்தில் எந்தப் பூச்சி வரும் என்று பள்ளிக்கூடம் போகாமலே படித்த மீனை ஏமாற்ற முடியுமா? பொய்ப்பூச்சியின் வாலில் ஒரு மயிர் கூடினாலும் அது திரும்பிப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அந்த ஒரு மயிரில்தான் எங்கள் கதை சிக்கிக்கொண்டது.

என் நண்பர் ஒருவர் பூட்டுக்காரர். சாவி தொலைத்தவன் கண்ணீரோடு வந்தால், கம்பி ஒன்றை உள்ளே விட்டு, காதை வைத்துக் கேட்டு, பூட்டிடம் சமாதானம் பேசித் திறந்துவிடுவார். அந்த விரல்கள் கட்டிய பொய்ப்பூச்சியை உள்ளங்கையில் வைத்தால் கடித்துவிடுமோ என்று பயமாக இருக்கும். இன்னொரு நண்பர் மருந்துக்கடைக்காரர். எந்த மருத்துவர் எப்படிக் கிறுக்கினாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற கண் அவருக்கு. பூட்டுக்காரரின் தங்கையைத்தான் கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மச்சானும் மாப்பிள்ளையும் என் பயிற்சி வண்டியில் ஏறிவிடுவார்கள். 'கற்றுக்கொள்பவர்' என்ற பலகையைப் பார்த்துச் சாலையே எங்களுக்கு ஒதுங்கி வழிவிடும்.

நம் ஆற்றுக்கு மேலே ஒரு சாய ஆலை வந்தது உங்களுக்குத் தெரியும். திங்கள் சிவப்பு, செவ்வாய் நீலம். முதலில் எங்கள் மீனுக்கு உணவான பழுப்புப் பூச்சி போனது. பூச்சி போனதும் மீன் போனது. நாங்கள் தொலைவிலிருக்கும் ஏரிக்கு இடம் மாறினோம். ஆனால் பூட்டுக்காரருக்கு மனசு ஆறவில்லை. போன பூச்சியை நினைவிலிருந்தே கட்டினார், மூன்று வால் வைத்து.

"மச்சான், அதுக்கு ரெண்டு வால்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர். "அப்பல்லாம் சாயங்காலமானா என் கடைக் கண்ணாடியில வந்து ஒட்டும். நான் எண்ணியிருக்கேன்."

"மாப்பிள்ளை, நான் சின்ன வயசிலேயே கல்லைப் புரட்டி அதோட குஞ்சைப் பிடிச்சவன். குஞ்சுக்கு மூணுன்னா தாய்க்கும் மூணுதானே?"

இதற்கு நடுவராக இருவரும் தேர்ந்தெடுத்தது யாரை? என்னை. மருந்துக்கடைக்குப் போனால், "நீ சொல்லு, ரெண்டுதானே?" என்பார். "இதுல என்ன சந்தேகம், ரெண்டேதான்" என்பேன். பூட்டுக்கடைக்குப் போனால், "மூணுதானே?" என்பார். "மூணுதான், அவனுக்கென்ன தெரியும்?" என்பேன். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது என்பார்களே, நான் மூன்று வாலும் காட்டினேன், இரண்டு வாலும் காட்டினேன். இரண்டு பேரையும் குளிர வைத்துவிட்டதாக எனக்குள் பெருமை வேறு.

அப்படிக் குளிர வைத்ததன் விளைவு என்ன? இருவருமே தத்தம் கட்சியில் உறுதியாகிவிட்டார்கள். தங்கையின் மகள் பிறந்தநாள் அன்று, விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில், மச்சான் கட்டிய பூச்சியை எடுத்து, "இப்பத்தான் சரி" என்று சொல்லி, மருந்துக்கடைக்காரர் நடு வாலைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டார். பூட்டுக்காரர் வால் போன பூச்சியை எடுத்துத் தன் தொப்பியில் குத்திக்கொண்டு வெளியே போனார். போனவர் நான்கு ஆண்டுகள் அந்த வீட்டுக்கு வரவில்லை. தொப்பியிலிருந்து அந்தப் பூச்சியையும் எடுக்கவில்லை.

ஒரு நாள் தங்கை என் பயிற்சிப் பள்ளிக்கு வந்தாள். வண்டி கற்றுக்கொள்ள அல்ல.

"அண்ணே, எங்கண்ணன் கடையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டார். ஞாயித்துக்கிழமை மகன் ஊருக்கே போயிடறாராம். ஒரு பூச்சியோட வாலுக்காக என்கூடப் பிறந்தவர் என் வீட்டுக்கு வராமலே போகப்போறார். நான் யாருகிட்ட போய்ச் சொல்வேன்?"

என்னிடம் சொன்னாள், பாருங்கள். சண்டைக்கு உரம் போட்டவனிடமே வந்து சொன்னாள்.

நம் தலைவர் அம்மையார் அப்போது என்னிடம்தான் வண்டி பழகிக்கொண்டிருந்தார். எப்படி ஓட்டினார் என்று கேட்காதீர்கள், அருமையாக ஓட்டினார். மறுநாள் கியரை மாற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "சார், ஆலைக் கழிவு நின்னு ரெண்டு வருஷமாச்சு. நேத்து பாலத்துக்குக் கீழ ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தேன். அடியில ஏதோ ஓடுச்சு." நான் பிரேக்கை அமுக்கிவிட்டேன். எதிரில் ஒன்றுமே இல்லை.

சனிக்கிழமை மாலை. ஊருக்குப் போகுமுன் ஒரு தடவை ஆற்றைப் பார்க்கலாம் என்று பூட்டுக்காரரை வண்டியில் ஏற்றினேன். வழியில் மருந்துக்கடை வாசலில் நிறுத்தி மற்றவரையும் ஏற்றினேன். இருவரிடமும் மற்றவர் வருவதைச் சொல்லவில்லை. பழக்க தோஷம். எல்லாப் பூட்டையும் திறக்கிறவர் பாலம்வரை தன் வாயைப் பூட்டிக்கொண்டே வந்தார்.

ஆறு தெளிந்திருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம் போலத் தெளிந்திருந்தது. பூட்டுக்காரர் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு கல்லைப் புரட்டினார். ஈரக் கல்லில் தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓர் உயிர். நகமளவு. இறக்கை இல்லை. வால் இருந்தது.

"எண்ணு மாப்பிள்ளை" என்றார். நான்கு ஆண்டுகளில் அவர் மாப்பிள்ளையிடம் பேசிய முதல் சொல் அது.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார். "மூணு" என்றார். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். அன்றைக்கே எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால், இந்த மனிதர் இப்படித் தலைகுனிய வேண்டியதில்லையே என்று என் மனசு என்னைக் குத்தியது.

அப்போதுதான், அவையோரே, அது நடந்தது. வெயில் சாய்ந்து தண்ணீர் பித்தளை நிறமானது. நீரின் தோலில் ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு நூறு, பிறகு ஆயிரம். அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்தன. முதுகு வெடித்தது. பழைய தோலைத் தண்ணீரில் விட்டுவிட்டு, இறக்கை விரித்து எழுந்தன. பதினோரு ஆண்டுகள் செத்துக் கிடந்த ஆறு எங்கள் கண்முன் எழுந்து பறந்தது. மூன்று நடுவயது மனிதர்கள் முழங்கால் தண்ணீரில், வாயைத் திறந்தபடி நின்றோம். எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதில் ஒன்று பறந்து வந்தது. எத்தனை இடம் இருக்கிறது உட்கார? பூட்டுக்காரரின் தொப்பியில் உட்கார்ந்தது, அந்த வால் வெட்டிய பொய்ப்பூச்சியின் பக்கத்தில்.

"மச்சான், ஆடாதீங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். மூக்கு உரசக் குனிந்து எண்ணினார். மறுபடி எண்ணினார். "இதுக்கு ரெண்டு" என்றார் மெதுவாக. தொப்பியை அப்படியே கழற்றி மச்சானிடம் காட்டினார். நிஜப்பூச்சிக்கு இரண்டு வால், பொய்ப்பூச்சிக்கும் இரண்டு வால். எது உயிருள்ளது என்று, காற்று வீசி ஒன்று பறந்தபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றோடு வளர்கிறது, இரண்டோடு பறக்கிறது. தண்ணீருக்குள் பார்த்தவரும் சரி, கடைக் கண்ணாடியில் பார்த்தவரும் சரி. அந்தப் பொய்ப்பூச்சியைக் கட்டியவர் ஒருவர், வெட்டியவர் ஒருவர். கட்டாமல் வெட்டியிருக்க முடியாது, வெட்டாமல் அது நிறைவாகியிருக்கவும் முடியாது. நான்கு ஆண்டு காலம் பகையின் அடையாளமாகத் தொப்பியில் இருந்தது எது? இருவரும் சேர்ந்து செய்த ஒரே பூச்சி.

பூட்டுக்காரர் அதை எடுத்து, என் வண்டியில் எப்போதும் கிடக்கும் கோலின் நூல் நுனியில் முடிந்தார். கோலை நீட்டி, "மாப்பிள்ளை, நீ வீசு" என்றார். நூல் நீண்டது, நிமிர்ந்தது. பூச்சி உட்கார்ந்தது. தண்ணீர் ஒரு முறை உதடு குவித்ததுபோல் அசைய, கோல் வளைந்தது. ஒரு சாண் மீன்தான். மேலே எங்கிருந்தோ திரும்பி வந்திருந்த மீன். இருவரும் சேர்ந்து அதை ஈரக் கையால் தாங்கி, முள்ளை எடுத்து, நீரில் விட்டார்கள். எதற்குப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டீர்களே அம்மா, எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

அன்று இரவுச் சாப்பாடு தங்கை வீட்டில். ஞாயிறன்று பூட்டுக்காரர் மகன் இருக்கும் ஊருக்குப் போகத்தான் போனார், கடை கைமாறியாயிற்றே. ஆனால் மாதம் ஒரு முறை ரயிலேறி வந்து தங்கை வீட்டில்தான் தங்குகிறார்.

இப்போது ஒன்று சொல்லவேண்டும். இருவரிடமும் "நீ சொல்றதுதான் சரி" என்று நான் தனித்தனியாகச் சொன்னது இந்த மேடையில் நான் வாய் திறக்கும்வரை இவர்களுக்குத் தெரியாது. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள், மருந்துக்கடைக்காரரே? ஆமாம், அவரிடமும் சொன்னேன். நான் சொன்னது இரண்டும் உண்மையாகிவிட்டது என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். அதை உண்மையாக்கியது ஆறு, நான் அல்ல. சொன்னபோது இரண்டுமே பொய்தான். இறக்கை முளைத்தபின் அந்தப் பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாதாம், தலைவர் அம்மையார்தான் சொன்னார். ஒரு நாளோ இரண்டு நாளோ பறக்கும், அவ்வளவுதான் அதன் வாழ்நாள். வாயுள்ள நான் பேசிப் பேசி இரண்டு வீட்டைப் பிரித்தேன். வாயில்லாப் பூச்சி ஒன்று, வந்து உட்கார்ந்தே சேர்த்துவைத்தது. தங்கையே, உன் நான்கு ஆண்டுகளுக்கு நான் பொறுப்பு. இத்தனை பேர் முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மூன்றாவது வரிசையில் இருவரும் தலையைச் சேர்த்து ஏதோ பேசுகிறார்கள். பூட்டுக்காரர் எழுந்திருக்கிறார். சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"நாங்க ரெண்டு பேரும் கலந்து பேசிட்டோம். நாளைக்குக் காலையில ஆத்துக்கு நீ வண்டியை ஓட்டலாம். வாயை மட்டும் திறக்கக்கூடாது."

கேட்டீர்களா? என் ஆயுளில் முதல் தடவையாக இருவரும் ஒரே தீர்ப்பு. தங்கையும் தலையாட்டுகிறாள். மேல்முறையீடு இல்லை. பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், உயிரோடு திரும்பி வந்த நம் ஆற்றுக்கும் நன்றி சொல்லி, தண்டனையை இந்த மேடையிலேயே தொடங்குகிறேன். வணக்கம்.