பாறைக்குப் பல்லு வெளக்கறவன்

— மீன் தொட்டியக் கழட்டறதுன்னா கழட்டறது தான் பிரகாஷ் சார். அதுல இன்னா சந்தேகம்? மறுபடியும் டூத் பிரஷ்ஷ எடுத்துக்கினு தேய்க்க ஒக்காந்தா எப்புடி?

— ஒரே ஒரு வாட்டி ஷாலினி. இந்தப் பெரிய பாறைய மட்டும் தேச்சிப் பாத்துடறேன்.

— ஒம்போது மாசமா அந்த ஒரே ஒரு வாட்டி தான் நடக்குது. கடலூர்லேர்ந்து சிதம்பரத்துக்கு சனிக்கெழம சனிக்கெழம பஸ் ஏறி வந்து, பல்லு டாக்டர் கிளினிக்ல ஒக்காந்து, பாறைக்குப் பல்லு வெளக்கி வுடற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தரு தான். கம்பெனிக்காரங்க குடுத்த சாம்பிள் பிரஷ்ல பத்தொம்போது உங்க பாறைக்கே போயிடுச்சி. டோக்கன் குடுக்கற எனக்கு ஒன்னு கூட கெடைக்கல.

— இது முடி மாதிரி வளர்ற பாசிங்க. கல்லோட சந்துல புடிச்சிக்கும். சும்மா போவாது.

— எங்கப்பா மண்டையில கூட முடி இவ்ளோ அடர்த்தியா இல்ல சார். தொட்டி வெக்கிறப்ப இன்னா சொன்னீங்க? பவளம், கலர் மீனு, வரவேற்பறைக்கே கடல் வந்துடும்னீங்க. கடல் வரல, வீராணம் ஏரி தான் வந்துச்சி.

— கொஞ்சம் டைம் குடுத்தா...

— போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க. தொட்டிய ஒரு பார்வ பாத்தாங்க. கல்லுல இருக்கற கறையவே இவுங்களால எடுக்க முடியல, எம் பல்லுல எங்க எடுக்கப் போறாங்கன்னுட்டு எந்திரிச்சிப் போயிட்டாங்க. அதான் டாக்டருக்குக் கோவம். தொட்டிய எடுத்துட்டு அங்க டிவி மாட்டச் சொல்லிட்டாரு. இன்னிக்கே.

— டிவி வந்தா சீரியல் ஓடுமா பாப்பா?

— ஐயா, வீங்குன கன்னத்த வெச்சினு பேசாதீங்க. அடுத்த டோக்கன் உங்களுது தான்.

— வீங்குனது ஒரு பக்கம் தான பாப்பா? இந்தப் பக்கம் சும்மா தான் கெடக்குது. காடாம்புலியூர்ல முந்திரிக்கொட்டைய பல்லால ஒடச்ச கோவிந்தசாமின்னா இப்ப இந்தக் கிளினிக்குக்கே தெரியும். மூணு சனிக்கெழமையா இந்த நாடகத்த பாத்துக்கினு இருக்கேன்.

— நாடகமா? நான் சீரியஸா வேல பாக்கறேங்க ஐயா.

— அவரு சீரியஸ் தான் ஐயா, தொட்டி அதுக்கு மேல சீரியஸ். ஏன் சார், தண்ணி எங்க மொண்டது? மறுபடியும் உப்பனாத்து முகத்துவாரமா?

— அது மொத மாசம் பண்ண தப்புங்க. கடலு கூப்புடு தூரத்துல இருக்குது, எதுக்குக் காசு குடுத்து உப்பு வாங்கிக் கலக்கறதுன்னு...

— அதான! கடலூர்க்காரன் போயி உப்பு வாங்குனா கௌரவம் இன்னா ஆவறது? வயக்காட்டு யூரியா, ஊரு சாக்கட, மழத்தண்ணி எல்லாம் வந்து சேர்ற எடமா பாத்து மொண்டு, கேன் கேனா பஸ்ல ஏத்தியாந்து, பாசிக்கு பிரியாணி போட்டீங்க.

— இப்ப நல்ல தண்ணியில கடை உப்பு தாங்க கலக்கறேன். டெஸ்ட்டும் பண்ணிட்டேன். தண்ணி சுத்தமா இருக்குது.

— தண்ணி சுத்தம், பாறை மட்டும் பச்சை. அப்ப தப்பு எம் மேலயா?

— அப்புடி சொல்லலிங்க. தீனி ஏதாவது ஜாஸ்தி...

— ஒரு சிட்டிகை. நீங்க காட்டுன அதே சிட்டிகை. அந்த ரெண்டு ஆரஞ்சு மீனும் என்னைப் பாத்தாலே பத்து நாளு பட்டினி மாதிரி வாயத் தொறக்குதுங்க. அப்பவும் போடறதில்ல.

— பாசிய மேயறதுக்கு பன்னெண்டு நத்தை வுட்டேனே, நாலு தான் கண்ணுல படுது?

— கொழம்பு வெச்சிட்டேன்.

— ஐயோ!

— மூஞ்சியப் பாரு! செத்துப்போச்சிங்க சார். எட்டு பேரு உங்க பாசியோட மல்லுக்கட்டி உயிர வுட்டாங்க. வெளிய செம்பருத்திச் செடியடியில பொதச்சி, செபமும் சொன்னேன்.

— நீங்க பாசின்றீங்க, எங்கூர்ல அத பாசம்னு சொல்லுவோம். கெணத்தடியில பாசம் புடிச்சிடுச்சின்னா தேய்க்கத் தேய்க்க வரும் தம்பி. லேசுல வுடாது.

— இவருக்கு அதெல்லாம் எங்க ஐயா புரியும்? இவருக்கு பாசின்னா பாசி மட்டுந்தான்.

— டாக்டர் நெஜமாவே எடுக்கச் சொல்லிட்டாரா ஷாலினி?

— பின்ன, நான் கனா கண்டுட்டா வந்து சொல்றேன்?

— போன வாரம் எனக்கு ஊசி போட்டுட்டு, வெளிய ஒக்காந்து அந்த மீனப் பாத்துக்கினு இரு, வலியே தெரியாதுன்னாரே பாப்பா. அவருக்கா தொட்டி புடிக்கல?

— அது போன வாரம். காத்து பட்டா பல்லு கூசும், வாய மூடுங்க ஐயா.

— நான் உள்ள போயி ஒரு வாரம் டைம் கேக்கறேனே?

— போவக் கூடாது. பேஷண்ட் வாயில கை வெச்சினு இருக்காரு. நீங்க மொதல்ல லைட்டக் கழட்டுங்க. இருங்க, இருங்க. டைமர்ல இன்னா பன்னெண்டு மணி நேரம் வெச்சிருக்குது? எட்டு மணி நேரத்துக்கு மேல லைட்டு எரிஞ்சா பாசி வளரும்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு?

— அது... கரண்ட்டு போயி வந்ததுல மாறியிருக்கும்.

— கரண்ட்டு போனா முள்ளு நிக்கும், கதை கட்டாது. இந்த மாசம் மூணு தடவ நான் எட்டுல திருப்பி வெச்சேன். மூணு தடவையும் நீங்க வந்துட்டுப் போன பின்னாடி பாத்தா பன்னெண்டு.

— இன்னா தம்பி, பாப்பா கேக்குதுல்ல, சொல்லேன். உனக்கும் கன்னம் வீங்கிப்போச்சா?

— நான்தாங்க மாத்துனேன்.

— எதுக்கு?

— பாசி போயிட்டா மாசத்துக்கு ஒரு தபா வந்தா போதும்னு டாக்டர் அப்பவே சொல்லியிருந்தாரு.

— நல்லது தான? அலைச்சல் மிச்சம்.

— மிச்சந்தான். மத்த சனிக்கெழமையில உங்கள எப்புடிப் பாக்கறது?

— யப்பா! எனக்கு பல்லு வலியே போயிடுச்சி.

— தப்பு என்னுதுங்க. மீனும் பவளமும் இன்னா பாவம் பண்ணுச்சிங்க? நான்தான் லைட்ட மாத்துனேன், தொட்டிய எடுக்காதீங்க, வேற நல்ல ஆளா வெச்சி பாத்துக்குங்கன்னு டாக்டர் கிட்ட சொல்லிட்டுப் போயிடறேன்.

— பிரகாஷ், நில்லுங்க. உள்ள போவாதீங்க.

— இல்லிங்க, சொல்லிட்டா தான் எனக்கு மனசு ஆறும்.

— ஐயோ, கதவத் தொறக்காதீங்க! டாக்டருக்கு டிவி பத்தியும் தெரியாது, தொட்டிய எடுக்கற சேதியும் தெரியாது. ஒம்போது மாசமா பாசியத் தவிர வேற ஒன்னும் பேசாத ஆள, நான் வேற எப்புடித்தான் வாயத் தொறக்க வெக்கிறது?