கோட்டுப் பையில் ஒரு சாம்பியன்

நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா, அங்கே உங்களுக்குக் காற்றே வராது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனாலும் தம்பி மனைவியின் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

செஸ்ஸில் கம்ப்யூட்டர் மனிதனைவிடப் பெரிய ஆளா என்று கேட்டீர்கள். அதெல்லாம் எப்போதோ முடிந்துபோன வழக்கு. உங்கள் மேஜைமேல் கிடக்கிற போனில் செஸ் ஆப் ஒன்றை இறக்கினால் போதும், உலகச் சாம்பியனையே உட்காரவைத்துத் தோற்கடிக்கும். அதற்குத் தூக்கம் வராது, தலை வலிக்காது, பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்து உட்காராது. அதனால்தான் ஆட்டக்காரன் பையில் போன் இருந்தால் அதோடு அவன் கதை முடிந்தது. அவன் அதைப் பார்த்தானா இல்லையா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

என் தம்பிக்குக் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தது நான். அவன் சாம்பியன் ஆனான், நான் அவனுக்குப் பயிற்சியாளன் ஆனேன். எதிராளிகளின் பழைய ஆட்டங்களைக் குடைந்து, எவன் எங்கே தடுமாறுவான் என்று சொல்வது என் வேலை. தம்பி தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். அது எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு வீட்டுக்கு அந்தப் பெரிய கம்ப்யூட்டர் வந்தது. நான் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை, நான் டீ குடித்து முடிப்பதற்குள் அது தப்பு என்றது. தம்பி சிரித்தான். கேலியாக இல்லை, பாசமாகத்தான்.

"நீ ஏண்ணா இன்னும் கஷ்டப்படுற? இனிமே இதுவே பாத்துக்கும். நீ நிம்மதியா ரெஸ்ட் எடு."

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வலித்தது, அவ்வளவுதான். கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டி அவனும் ஓய்ந்துபோயிருந்தான். ஓய்வு இரண்டு பேருக்குமே வேண்டும் என்று நினைத்தேன்.

ஆட்டத்துக்குப் போகுமுன் அவனுக்குக் கோட்டு மாட்டிவிட்டு, காலரைச் சரிசெய்வது நான்தான். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தால்கூட ஆட்ட நாளில் அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு உள்பையில் ஒரு போனை வைத்தேன். பழசாகிவிட்டது என்று அவன் எனக்குக் கொடுத்த போன்தான். அதிலிருந்த செஸ் ஆப்பில், அவன் அன்று ஆடப்போகும் ஆட்டத்தின் தொடக்கத்தையும் போட்டுவைத்திருந்தேன். அவன் என்ன ஆடுவான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

அவன் ஜெயித்தான். பிரமாதமாக ஆடினான், அதைச் சொல்லியாக வேண்டும். சோதனை எப்போதும் ஆட்டம் முடிந்து வெளியே வரும்போதுதான்; நடுவர் வழக்கம்போல உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியால் அவன் உடம்பைத் தடவிப் பார்த்தார். கருவி கத்தியது.

"என்ன சார் இது?" என்றார் நடுவர்.

தம்பி போனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தக் கோட்டை என்னைத் தவிர வேறு யாரும் தொடுவதில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"என்னோட போன்தான்," என்றான்.

வாழ்நாள் தடை போட்டார்கள். பழைய பட்டங்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். திருட்டுச் சாம்பியன் என்று ஊரே வாய்க்கு வந்தபடி பேசியது. வீட்டில் அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எப்போதும்போல அண்ணா என்றுதான் கூப்பிட்டான். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான், ஆள் பாதியாகிவிட்டான். போன வாரம், துணி எடுத்து வருகிறேன் என்று மொட்டைமாடிக்குப் போனவன் படிவழியாக இறங்கி வரவில்லை.

அந்தப் பழைய போன் என்னிடம் இருந்தது என்பதை அவன் மனைவி மறக்கவில்லை. உங்களிடம் அவள் சொன்னது சரிதான். வைத்தது நான். அதை வைத்தால் அவன் இனி ஆடவே முடியாது என்று தெரிந்துதான் வைத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. ஏண்ணா இப்படிப் பண்ணினே என்று அவன் வாயைத் திறந்து கேட்டிருந்தால் நானே போய் உண்மையைச் சொல்லியிருப்பேன். இன்றைக்கு அவன் உயிரோடு இருந்திருப்பான். கூடப்பிறந்தவனிடம் அப்படி என்ன பிடிவாதம்? அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.