ஸ்டாமென் இறந்த தேதி

இந்த அறையின் சுவர்க் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது, மேடம். குறையாகச் சொல்லவில்லை. விசாரணையை எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள் என்று நாளைக்கு யாராவது கேட்டால் சுவரைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதே, அதற்காகத்தான்.

என் பெயர் வெலிச்கோ. மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் இருபத்தாறு வருடமாக அஞ்சலி நோட்டீஸ் அச்சடித்து வருகிறேன். நம் ஊரில் ஒருவர் போய்விட்டால் படமும் பெயரும் தேதியும் போட்டு வீட்டுக் கதவிலும், பேருந்து நிறுத்தத்திலும், ஆற்றங்கரை நெட்டிலிங்க மரங்களிலும் ஒட்டுவோம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதத்துக்கு ஒன்று, பிறகு வருடா வருடம் ஒன்று. எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பது குடும்பத்தாரால் ஆகிற காரியம் இல்லை. ஒரு வாரத்துக்கு முன்பே நான் போன் செய்து சொல்வேன். அவர்கள் கோதுமை வேகவைத்து எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவார்கள். என் பேச்சை நம்பித்தான் இந்த ஊரில் கோதுமை அடுப்பில் ஏறும்.

இதை எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டீர்கள். மிகவும் எளிது. எல்லா நோட்டீஸும் ஒரே ஃபோல்டரில் இருக்கும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று தேதி உண்டு: உருவானது, திருத்தியது, கடைசியாகத் திறந்தது. நான் உருவான தேதிப்படி வரிசைப்படுத்துவேன். ஒரே ஒரு சிக்கல். சனிக்கிழமை இறந்தவருக்குத் திங்கட்கிழமைதான் வந்து நோட்டீஸ் சொல்வார்கள். ஃபைல் திங்கட்கிழமை பிறந்துவிடும். நாற்பதாம் நாள் இரண்டு நாள் தள்ளிப் போய்விடும். அதனால் ஃபைலின் தேதியை மாற்றுகிற சின்ன மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டேன். வேண்டிய நாளைத் தட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் ஃபைல் சனிக்கிழமை பிறந்ததாகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

அடுத்த படி குடும்பங்களை நினைத்து எடுத்தது. அழுதுகொண்டு வருகிறவர்களால் நல்ல படமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. கல்யாணப் படத்தைக் கொடுப்பார்கள், ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் படத்தைக் கிழித்துக் கொடுப்பார்கள். நான் முன்கூட்டியே தயார் செய்து வைத்தால் என்ன என்று தோன்றியது. எழுபது தாண்டியவர்களுக்கு ஒவ்வொன்றாகச் செய்து வைத்தேன். ஃபோல்டர் வரிசையில் அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டுமே, அதனால் ஆளைப் பார்த்து ஒரு தேதியை உத்தேசமாகப் போட்டேன். மாடிப்படியில் எத்தனை தடவை நிற்கிறார், இருமல் எப்படி, கோட் தோளில் எவ்வளவு தொளதொளக்கிறது. இதெல்லாம் கடை வாசலில் நின்றாலே தெரியும். இருநூற்றுப் பதினான்கு பேர். கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது.

ஸ்டாமென் அண்ணனுக்கு மார்ச் பதினான்கு போட்டிருந்தேன். போன இலையுதிர் காலத்தில் நெஞ்சுச் சளியோடு அவர் என் கடையைக் கடந்து போவதைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் குளிர்காலம் முழுக்கப் பச்சைப் பூண்டைக் கடித்துத் தின்று மனிதர் தேறிவிட்டார். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தினமும் காலை அன்றைய தேதியில் இருப்பதையெல்லாம் அச்சடித்து, பசை வாளியும் தூரிகையுமாக நானே கிளம்புவேன். பதினான்காம் தேதி ஆறு பேர் இருந்தார்கள். ஆறாவது ஸ்டாமென். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று லேசான காய்ச்சல். அறுபத்திரண்டு இடத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். அவர் வீட்டுக் கதவிலும் ஒட்டினேன், வழக்கம் அதுதானே.

ஒன்பது மணிக்கு அவரே கடைக்கு வந்தார். கையில் நோட்டீஸ். பசை இன்னும் காயவில்லை.

"ஏம்பா வெலிச்கோ, நான் எப்ப செத்தேன்? எனக்கே சொல்லாம ஊருக்குச் சொல்லிட்டியே."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். வீட்டில் கூட்டமாம். ஆளாளுக்குச் சாவு வீட்டு வழக்கப்படி இரட்டைப்படையில் பூ கொண்டு வருகிறார்களாம். "எம் பொண்டாட்டி குனா கதவைத் திறக்கிறா, பின்னாடியே நான் காபிக் கோப்பையோட நிக்கிறேன். எதிர்வீட்டுக்காரிக்கு மயக்கமே வந்துருச்சு. என் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பூ வரலப்பா."

மனிதர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கிழித்துவிட்டு வருகிறேன் என்றேன், விடவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது, இருக்கட்டும் என்றார். ஒன்றை மதுக்கடையில் தொங்கவிட்டார், இன்னொன்றைச் சமையலறையில். மதுக்கடையில் அவருக்கு முன்னால் கோப்பையை வைத்தால், இறந்தவருக்கு ஊற்றுவதுபோல ராக்கியாச் சாராயத்தில் ஒரு சொட்டைத் தரையில் சிந்திவிட்டுத்தான் மற்றவர்கள் குடித்தார்கள். அவரும் சிந்தினார். ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. என்னைத் தெருவில் பார்த்தால், "வெலிச்கோ, எனக்கு எப்பன்னு பார்த்துச் சொல்லு, உருளைக்கிழங்கு நடலாமா வேணாமான்னு தெரியணும்" என்பார்கள்.

கேலியைப் பொறுத்துக்கொண்டேன். ராதோஸ்வெட்டா வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மூன்று வருடமாக விதவை. நான் போன் செய்யும் நாளில் ஒரு தடவைகூடத் தவறாமல் கோதுமை வேகவைத்தவள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் உத்தேசமா போட்டீங்களா?"

இல்லை என்றேன். சரி என்று தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தாறு வருடம் கட்டிய பெயர், மேடம். மனசு விட்டுப்போயிற்று.

உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். ஃபைலின் தேதியை அடுத்த வருடத்துக்குத் தள்ளினேன். ஒரு நொடி வேலை. ஆனால் தாளில் பதினான்கு என்று அச்சாகிவிட்டது. தாளின் தேதியை மாற்ற எந்த மென்பொருளும் இல்லை. அதனால் ஃபைலைத் திரும்பவும் பதினான்குக்கே கொண்டுவந்தேன். ஆக மூன்று விஷயம்: ஃபைல், தாள், ஸ்டாமென். இரண்டு ஒத்துப்போகின்றன, ஒன்று ஒத்துப்போகவில்லை. கணக்கு வாத்தியாரைக் கேட்டாலும் எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

இருபத்திரண்டாம் தேதி அவரே என்னைக் கூப்பிட்டார். முற்றத்துத் திராட்சைக் கொடியை இழுத்துக் கட்ட வேண்டும், ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே என்று எனக்குக் காட்டுவதற்காகத்தான் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். நல்ல மனிதர். குனா அண்ணி உள்ளே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஏணி மூன்று மீட்டர்கூட இருக்காது. கீழே ஆடு தண்ணீர் குடித்த பழைய கல் தொட்டி இருந்தது. ஏணியை அங்கே வைக்கச் சொன்னது நான்தான், கொடி அங்கேதான் தொய்ந்திருந்தது.

அவர் மணிக்கட்டில் மார்ச் முதல் தேதி கட்டிய சிவப்பும் வெள்ளையுமான நூல் இருந்தது. நம் எல்லாருக்கும் இருந்ததுதான். வருடத்தின் முதல் நாரையைப் பார்த்ததும் அவிழ்த்து மரத்தில் கட்ட வேண்டும். மேலே நின்றவர் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அங்க பாருப்பா, நாரை. இந்த வருஷத்தையும் பாத்தாச்சு."

நூலை அவிழ்க்க ஒரு கை, பிரித்துக் கொடியில் கட்ட இன்னொரு கை. இரண்டு கையையும் எடுத்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏணியின் என் பக்கத்துக் காலை உதைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். நூல் கொடியில் இன்னும் இருக்கிறது, முடிச்சு சரியாகவே விழுந்திருந்தது.

எல்லாரும் விபத்து என்றார்கள். வயசான காலத்தில் ஏணியில் ஏறுவானேன் என்றார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள், உங்களுக்கே தெரியும். ஆனால் மருத்துவர் சான்றிதழில் இருபத்திரண்டு என்று எழுதிவிட்டார். குனா அண்ணி அதை வைத்து நாற்பதாம் நாளை ஏப்ரல் முப்பது என்று குறித்துக்கொண்டாள். பதினான்கிலிருந்து எண்ணினால் ஏப்ரல் இருபத்திரண்டு. எட்டு நாள் தப்பு. இதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

ஃபைலை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு நகராட்சிப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். சான்றிதழைத் திருத்தச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்தேன். ஃபைல் உருவானது, திருத்தியது, திறந்தது, மூன்றும் மார்ச் பதினான்கு என்று திறந்தே காட்டினேன். அங்கே இருந்த பெண், பேர் த்ஸோன்கா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இருபத்தொண்ணாம் தேதி எங்க வீட்டுக்கு முட்டை கொண்டு வந்தாரே அந்த மனுசன்."

முட்டை கொண்டு வந்தது இருக்கட்டும், இறந்தது பதினான்கு, நான் திருத்திவிட்டேன் என்றேன். என்னத்தைத் திருத்தினீங்க என்று கேட்டாள். சொன்னேன். அவள் உள்ளறைக்குப் போய்ப் போன் செய்தாள். அந்தப் பெண்மேல் எனக்கு வருத்தமில்லை, அவள் வேலையை அவள் செய்தாள்.

ஆக என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உயிரோடிருந்த ஒருவருக்கு நோட்டீஸ் ஒட்டினேன். கவனக்குறைவுதான். ஃபைலின் தேதியை அனுமதியில்லாமல் முன்னும் பின்னும் மாற்றினேன். இந்த இரண்டுக்கும் என்ன தண்டனையோ கொடுங்கள். மற்றதெல்லாம் அந்தப் பிழையைச் சரிசெய்தது, அதைத் தனியாக எழுத வேண்டாம். அந்த எட்டு நாளும் அவர் நடமாடியது என்னுடைய தவறால்தான்.

நேற்று குனா அண்ணி இங்கே வந்திருந்தாள். கத்தவில்லை. ஏப்ரல் எந்தத் தேதிக்குக் கோதுமை வேகவைக்கட்டும் என்று மட்டும் கேட்டாள். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு தேதி வந்தது. காய்ச்சல் இன்னும் விடவில்லை போலிருக்கிறது.

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் தட்டிய இந்த ஃபைலுக்கு ஏப்ரல் இரண்டு என்று தேதி விழும். அதை மார்ச் பதினான்கு, காலை ஒன்பது மணி என்று மாற்றிவிடுங்கள். எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன், ஒரு நொடி வேலை. ஒன்பது மணிக்கு ஸ்டாமென் அண்ணன் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் வரைக்கும் நான் அவரை ஒன்றும் செய்திருக்கவில்லை.